வீட்டோடு வந்த பதினோரு விபத்துகள்

முப்பது என்றுதான் தெருவில் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். வயது அல்ல, அதைத் தாண்டி அவர் வெகுதூரம் வந்தாயிற்று. அது அவர் காரின் வேகம். காலி ரோடோ கூட்டமோ, முள் முப்பதைத் தொட்டதும் அவருடைய கால் தானாகப் பின்வாங்கிவிடும். சைக்கிளில் போகிற பிள்ளைகள் அவரை முந்திப் போய்க் கையாட்டுவார்கள். அவர் பதிலுக்குக் கையாட்டுவதில்லை. வண்டி ஓட்டும்போது கண்ணும் கையும் வேறெங்கும் போகக் கூடாது என்பது அவர் கொள்கை.

தொழில், லிஃப்ட் பழுது பார்ப்பது. லிஃப்ட் மேலே போகும், கீழே வரும். நடுவில் எவனும் குறுக்கே புகுந்து வெற்றிலை போட்ட வாயோடு திட்ட மாட்டான். அப்படிப்பட்ட ஒழுக்கமான பொருளோடு ஆயுளில் பாதியைக் கழித்தவருக்கு ரோடு என்பதே கட்டுப்பாடில்லாத இடமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனாலும் இத்தனை வருஷத்தில் அவர் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. 'விபத்தே இல்லாத ஓட்டுநர்' என்று இன்சூரன்ஸ் கம்பெனி ஆண்டுதோறும் பாராட்டு அட்டை அனுப்பும். வீட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீர் கேட்பதற்கு முன்பே அந்த அட்டைகளைப் பார்த்தாக வேண்டும். மனுஷனுக்கு ஏதாவது ஒரு பெருமை வேண்டாமா? இவருக்கு இது ஒன்றுதான் இருந்தது.

வீடு மாறியது மனைவிக்காக. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் அவள் மேற்பார்வையாளர். ஊரின் மறுகோடியில் புதிதாகக் கட்டிய பெரிய சலவைக்கூடத்துக்கு அவளைத் தலைமைப் பொறுப்பில் போட்டார்கள். இந்த முறை அவள் அவரிடம் கேட்கவில்லை. சொன்னாள். வீட்டையும் அவளே பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டு வந்து, சாமான்களைக் கட்டுங்கள் என்றாள். அவரும் மூச்சு விடாமல் கட்டினார்.

புதுக் கூடத்தில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். அந்நேரத்தில் பஸ் கிடையாது. இவர் கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. வண்டியின் இன்சூரன்ஸோ மாதக் கடைசியில் முடிகிறது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை முப்பது தெருவில் எடுப்பதாவது? கழுவுவதற்காகக்கூட வாசலைத் தாண்டி உருட்ட மாட்டார். ஆகவே விலாசத்தை மாற்றிப் பாலிசியைப் புதுப்பித்துவிடலாம் என்று ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, பாராட்டு வாங்கப் போகிறவர் மாதிரி கம்பெனி அலுவலகத்துக்குப் போனார்.

மாற்றல் பிரிவு அதிகாரி கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்த ஒரு அம்மாள். மேசை மேல் வறுத்த கடலைப் பொட்டலம். புது விலாசத்தைத் தட்டியவர், திரையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கடலையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

பதினோரு விபத்துகள் என்றார். ஒரு பேக்கரியின் ஷட்டர், நின்றுகொண்டிருந்த பஸ், நீரூற்று, டிராஃபிக் போலீஸ்காரரின் குடை என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. முப்பதுக்குத் தலைகால் புரியவில்லை. வேறு யாருடைய கணக்கையோ பார்த்துவிட்டார்கள் என்று நினைத்துச் சிரிக்கவும் செய்தார்.

"இதெல்லாம் நான் செஞ்சது இல்லீங்க மேடம்."

"அந்த வீட்டுல குடியிருக்கறது நீங்கதானே சார்?"

"ஆமா. போன வாரம்தான் வந்தோம்."

"அப்ப இதெல்லாம் உங்களுதுதான்."

அதிகாரி பொறுமையாக விளக்கினார். முன்பெல்லாம் கம்பெனி இரண்டு விஷயம் பார்க்கும்: வண்டி எந்த இடத்தில் நிற்கிறது, ஓட்டுகிறவர் இதுவரை எப்படி ஓட்டியிருக்கிறார். இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி. மேலிடத்தில் ஒரு புத்திசாலி, இரண்டு பத்தியையும் ஒன்றாக்கினால் பாதி வேலை மிச்சம் என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்தவருக்குப் பதவி உயர்வு கிடைத்து அவர் வேறு ஊருக்கும் போய்விட்டார். அன்றிலிருந்து ஓட்டிய வரலாறு ஆள் பேரில் இல்லை, வீட்டின் பேரில்தான் இருக்கிறது. மனுஷன் இன்றைக்கு இங்கே இருப்பான், நாளைக்கு அங்கே இருப்பான், வீடு அப்படியெல்லாம் ஏமாற்றாது என்றார் அதிகாரி. அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பக்தியே இருந்தது.

"அப்ப நான் விபத்தே இல்லாம ஓட்டின வருஷமெல்லாம்?"

"அது உங்க பழைய வீட்டுல பத்திரமா இருக்கு சார். கவலைப்படாதீங்க."

பதினோரு விபத்து உள்ள வீட்டுக்குப் பாலிசி தருவதில்லை என்பது விதி. விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. அதன் பேர் வருத்த நேர்காணல். விபத்து ஒவ்வொன்றையும் எப்படிச் செய்தோம் என்று வந்து சொல்லி, மனம் வருந்த வேண்டும். வருத்தம் உண்மையானது என்று அதிகாரிக்குப் பட்டால் பாலிசி. நான் செய்யவில்லை என்று சாதிக்கிறவர்களைக் கம்பெனி ரொம்ப ஆபத்தானவர்களாகக் கருதுகிறது. திருந்த மாட்டார்கள் பாருங்கள். மாதத்தின் கடைசி வேலை நாளில் ஒரு நேரம் காலியாக இருக்கிறது, மனைவி உண்டென்றால் சாட்சிக்கு அழைத்து வரலாம் என்று சொல்லிவிட்டு அதிகாரி கடலையை மறுபடி கிட்டே இழுத்துக்கொண்டார்.

முப்பது நேராகப் பழைய வீட்டுக்குப் போனார். அங்கே இப்போது முடி திருத்தும் கடை வைத்திருக்கும் ஒரு பெண் குடியிருந்தாள். அவளுடைய கார் வாசலில் நின்ற கோலத்தைப் பார்த்ததுமே இவர் ஒரு அடி பின்வாங்கினார். முன் பம்பரைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். ஒரு பக்க விளக்கு வானத்தைப் பார்த்தது. உள்ளே அவருடைய பாராட்டு அட்டை இருந்த அதே அலமாரியில், அதே மாதிரி ஒரு புத்தம் புது அட்டை, அவள் பேர் போட்டு.

அந்தப் பெண் அவரை உட்கார வைத்து உபசரித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக இன்சூரன்ஸ் கம்பெனி தன்னிடம் மரியாதையாகப் பேசுகிறது என்று சொல்லி நெகிழ்ந்தாள். வந்த காரியத்தை இவர் மென்று முழுங்கிச் சொன்னார். என் வரலாற்றைத் திருப்பிக் கொடுத்துவிடு அம்மா என்று எப்படித்தான் கேட்பது? கேட்டார். அவளுக்கு முகம் வாடிப்போயிற்று.

"அங்கிள், நான் அதைக் கண்ணு மாதிரி வெச்சிருக்கேன். நேத்து ஒரு மாட்டு வண்டிமேல லேசா ஒரசிடுச்சு. உங்களை நெனச்சு நான் கம்பெனிக்குச் சொல்லவே இல்ல தெரியுமா."

அதற்குமேல் அவளிடம் என்ன பேச? எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் முள் இருபத்தைந்தைத் தாண்டவில்லை.

புதுத் தெருவிலும் அவருக்கு நிம்மதி இல்லை. இவர் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் போதும், எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்து பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கிக்கொண்டு போவார். முன்னாடி இருந்தவர் நான் இல்லை சார், வேற ஆளு என்று ஒரு நாள் முப்பது வாய்விட்டுச் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டு, கடைசித் தொட்டியையும் தூக்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் மூக்கால் அழுதார். செய்யாததைச் செய்தேன் என்று எப்படிச் சொல்வது, இத்தனை வருஷம் கட்டிக் காத்த பேர் என்ன ஆவது என்று கேட்டார். அவள் தன் வேலைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலரை முடித்துவிட்டு, கையை முடித்துவிட்டு, அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"மாசக் கடைசியோட வண்டி நின்னா, எனக்கு இந்த வேலை இல்ல. அது உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியும் என்றார். அவள் அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள். ஏதாவது திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது. ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

சரி, ஒத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஆனால் எதை ஒத்துக்கொள்வது? விபத்துகளின் பேர்தான் தெரியும், விவரம் தெரியாது. விசாரித்ததில், அந்த வீட்டில் முன்பு இருந்தவர் ஒரு பல் டாக்டர் என்று தெரிந்தது. ஆள் ஊரை விட்டுப் போகவில்லை. இப்போது இருக்கும் வீட்டில் அவருக்கு முன் குடியிருந்தது காரையே தொடாத ஒரு கணக்கு வாத்தியார். ஆகவே பல் டாக்டர் இன்றைய தேதிக்குப் பிறந்த குழந்தை மாதிரி. ஒரு களங்கமும் இல்லை.

சும்மா போய் நின்றால் நன்றாக இருக்காது என்று, பல் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தார் முப்பது. வந்த விஷயத்தைக் கேட்டதும் பல் டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் விபத்துகளைப் பற்றி அக்கறையோடு கேட்க ஒரு ஆள் கிடைத்து எத்தனை நாளாயிற்று! இவர் வாயில் ஒரு குழாய், ஒரு கண்ணாடி, இரண்டு விரல் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அவர் கதை கதையாகச் சொன்னார். சந்தேகம் கேட்க வழியில்லாமல் முப்பது ஆ, ஆ என்றே எல்லாவற்றையும் கேட்டார்.

எல்லாவற்றிலும் உசத்தி ஆறாவது விபத்து. ஒரு மரச்சாமான் கடைக்காரர் ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோவை ரோட்டோரம் இறக்கி வைத்திருந்தார். எதிரே ஒரு கார் நேராகத் தன்னைப் பார்த்து வருவதைக் கண்ட டாக்டர் ஹாரன் அடித்தார். அந்தக் கார் விலகவில்லை. விளக்கைப் போட்டார். அவனும் விளக்கைப் போட்டான். என்ன திமிர் என்று டாக்டரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசி நொடியில்தான் அந்த எதிராளியும் பல் டாக்டர் மாதிரியே இருப்பதைக் கவனித்தாராம்.

பத்து விபத்து முடிந்தது. பதினொன்றாவது என்றதும் பல் டாக்டர் கையில் இருந்ததைத் தட்டில் வைத்தார். அது ஒரு மின்கம்பம் என்று மட்டும் சொன்னார். மற்றது அவருக்கும் அவர் மனைவிக்கும் இடையில் உள்ளதாம், அதை யாரிடமும் சொல்வதாக இல்லையாம். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்புறம் வீட்டில் ஒத்திகை நடந்தது. மனைவி போர்வைகளை மடித்துக்கொண்டே அதிகாரியாக இருந்து கேள்வி கேட்டாள். முதல் இரண்டு நாள் முப்பதுக்கு நாக்கு எழும்பவில்லை. பேக்கரி ஷட்டரில் மோதினேன் என்று சொல்வதற்குள் வேர்த்துக் கொட்டியது. மோதுவதற்கு முன் இண்டிகேட்டர் போட்டேன் என்று சேர்த்துக்கொண்டார். இண்டிகேட்டர் போட்டுவிட்டு யாரும் கடைக்குள் போக மாட்டார்கள் என்று அவள் திருத்தினாள். மூன்றாம் நாள் கூச்சம் விட்டது. நான்காம் நாள் வெளுத்து வாங்கினார். நீரூற்றில் மீன் இருந்தது என்று தன் பங்குக்கும் அளந்துவிட்டார். அவள் சிரித்தாள். அவள் சிரிப்பதைக் கேட்டு, அடுத்த விபத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக இடித்தார். பதினொன்றாவதைப் பற்றி இருவருமே பெரிதாக நினைக்கவில்லை. பத்து சொன்னவருக்குப் பதினொன்று வராதா?

நேர்காணல் அறையில் ஒரு மேசை, மேசை மேல் கண் துடைக்கும் காகிதப் பெட்டி, எதிரே தரையில் திருகிப் பொருத்தாத ஒரு இரும்பு நாற்காலி. நாற்காலியில் ஒரு சீட் பெல்ட்டும் மாட்டியிருந்தார்கள். முப்பது உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் இல்லாத கண்ணாடியைச் சரிசெய்தார். அதை அதிகாரி குறித்துக்கொண்டார். மனைவியைப் பின்னால் இருந்த பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

ஆரம்பித்தார் பாருங்கள், பிரமாதம். ஷட்டர் உருண்ட சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினார். போலீஸ்காரரின் குடை பறந்த திசையைக் கையால் காட்டினார். பீரோக் கண்ணாடி விபத்தில், எதிரே வந்தவன் முகத்தில் தன் முகத்தையே பார்த்தேன் மேடம் என்று சொன்னபோது அதிகாரி பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை உருவி மூக்கைச் சிந்தினார். இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு வருத்தத்தைப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். பத்தும் தேறிவிட்டது.

"பதினொண்ணு," என்று அதிகாரி திரையைப் படித்தார். "மின்கம்பம். காரணம், பக்கத்துல உக்காந்திருந்த மனைவியைத் திரும்பிப் பாத்தது. சொல்லுங்க சார். அவங்க அப்ப என்ன பண்ணிட்டு இருந்தாங்க?"

முப்பது வாயைத் திறந்தார். ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும். தூங்கினாள் எனலாம், பாடினாள் எனலாம். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? ஆனால் ஒரு சொல் வரவில்லை. தன் காரில் அவள் உட்காரும் சீட்டை அவர் மனதுக்குள் தேடினார். அந்தப் பக்கத்துக் கண்ணாடி தெரிந்தது, அதன் ஓரத்தில் இருக்கும் சின்னத் துருப்புள்ளி தெரிந்தது, கதவு சரியாகச் சாத்தியிருப்பதும் தெரிந்தது. நடுவில் அவள் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. இத்தனை வருஷம் தன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் அங்கே என்ன செய்துகொண்டிருப்பாள் என்பது அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

பின்னால் பெஞ்ச் கிரீச்சிட்டது.

"அழுதுட்டு இருந்தேன்," என்றாள் மனைவி.

அதிகாரி நிமிர்ந்தார். அவள் எழுந்து நின்றிருந்தாள். குரல் உயரவில்லை.

"ஆறு வருஷம் ஆச்சு மேடம். இதே மாதிரி ஒரு பதவி எனக்கு அப்பவே குடுத்தாங்க. வீடு மாறணும். இவருக்கு அந்த வீட்டை விட மனசு வரல. வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்து வண்டில ஏறினேன். வர்ற வழியெல்லாம் அழுதேன். இவரு திரும்பல. கம்பத்துல மோதினது வேற யாரோ. இவரு மோத மாட்டாரு."

அதிகாரி பேனாவை மூடினார். அப்படியானால் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதிக்கொள்ளவா என்று கேட்டார். எழுதினால் விபத்து மறுக்கப்பட்டதாக ஆகும். மறுத்தால் பாலிசி இல்லை. பத்துக்கும் பட்ட பாடு வீண் என்பதையும் வருத்தத்தோடு தெரிவித்தார்.

முப்பதுக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம் அன்றைக்கு அவர் காதில் விழுந்திருந்தது. ஜலதோஷம் என்று நினைத்து, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார். வீட்டு வாசலில் கோடு போட்டது போல வண்டியை நிறுத்திவிட்டு, இன்றைக்கு ஒரு சிக்னலில்கூட நிற்கவில்லை பார்த்தாயா என்று வேறு சொன்னார். பெருமையாகச் சொன்னார். நினைக்க நினைக்கத் தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர் எழுந்தார். பெல்ட்டைக் கழற்ற மறந்ததால் நாற்காலியும் அவரோடு எழுந்தது.

"பாத்தேன் மேடம்," என்றார். "எழுதிக்குங்க. நான்தான் திரும்பிப் பாத்தேன். நான்தான் மோதினேன்."

அதிகாரி அவரையும், அவர் முதுகில் தொங்கிய நாற்காலியையும் பார்த்தார்.

"முன்பக்கம் பூராவும் அப்பளமா நொறுங்கிடுச்சு. கண்ணாடி ஒடைஞ்சு மடியெல்லாம் கொட்டுச்சு. ஜனங்க கூடிட்டாங்க. நான் எறங்கவே இல்ல. நீ ஏன் அழறேன்னு இவளக் கேட்டுட்டு இருந்தேன்."

அது பொய். அவர் வாழ்நாளில் இவ்வளவு ஆசைப்பட்டு ஒரு பொய்யைச் சொன்னதே இல்லை. சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்; மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசிக் கேள்வியை விதிப்படி கேட்டாக வேண்டும். அந்தக் கம்பத்தில் மோதியதற்காக வருந்துகிறாரா என்று அதிகாரி கேட்டார்.

"இல்ல மேடம்," என்றார் முப்பது. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. "அதுக்கு மட்டும் வருத்தமே இல்ல."

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். பேனாவை மறுபடி திறந்தார். வருத்தம் உண்டா என்பதற்கு நேரே, உண்டு என்று ஒரு குறி போட்டார். எதற்காக என்று எழுத அங்கே இடம் விட்டிருக்கவில்லை. பிறகு காகிதப் பெட்டியை இவர் பக்கம் தள்ளிவிட்டு, பாலிசியில் முத்திரை குத்தினார்.

வாசலுக்கு வந்து இருவரும் வண்டியில் ஏறினார்கள். அவள் பாலிசியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். நாளைக்கு விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும், அலாரம் வைக்க மறந்துவிடக் கூடாது என்றாள். திரும்பினாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோட்டைப் பாருங்க," என்றாள்.

"இன்னும் வண்டியவே எடுக்கலையே," என்றார் அவர்.

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காவலாளி வந்து வண்டியை நகர்த்தச் சொல்லிக் கண்ணாடியைத் தட்டினான். சாவியைப் போடாமல் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.